மொட்டை மாடிக்கு கூலிங் பெயின்ட் அடிச்ச கதை: வெயிலுக்கு நாலு ஸ்டார், மழைக்கு அரை ஸ்டார்

அடிச்ச மறுநாளே ரிவ்யூ போடறவங்களை நம்பாதீங்க. இது ரெண்டு கோடையையும் ரெண்டு கோடை மழையையும் முழுசா பார்த்துட்டு எழுதறது. 2024 ஏப்ரல் கடைசில அடிச்சேன். பிராண்ட் பேரும் போடல, அடிச்சுக் கொடுத்தவங்க பேரும் போடல, கமென்ட்ல கேட்டாலும் சொல்ல மாட்டேன், ஏன்னா எனக்கு ஆனது எந்த பிராண்ட்ல எடுத்திருந்தாலும் ஆகியிருக்கும்னு இப்ப நல்லா தெரியும்.

எங்க வீடு ஈரோட்டுல வீரப்பன்சத்திரம் பக்கம். அப்பா 1994ல கட்டினது. கீழ ஹால், கிச்சன், அம்மா ரூம், மேல ரெண்டு பெட்ரூம், அதுக்கு மேல நேரா மொட்டை மாடி, 850 சதுர அடி. அப்ப போட்ட தட்டோடு, அதுக்கு அடியில செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டு இடிச்ச தளம், கடுக்காய் தண்ணியெல்லாம் ஊத்தி இடிச்சாங்கன்னு அம்மா இப்பவும் பெருமையா சொல்லும். பெருமை எல்லாம் சரி, முப்பது வருஷத்துல தட்டோட்டு இடுக்குல பூச்சு போயி, பாசி புடிச்சு கருப்பாகி, கிட்டத்தட்ட ஒரு தோசைக்கல்லு மாதிரி ஆயிருச்சு.

2024 ஏப்ரல் ஞாபகம் இருக்கும் எல்லாருக்கும். தினமும் சாயங்காலம் டிவில இன்னைக்கு எங்க வெயில் அதிகம்னு ஒரு லிஸ்ட் போடுவாங்கல்ல, அதுல வேலூர், திருத்தணி, கரூர் பரமத்தி கூட எங்க ஊரு பேரும் தவறாம வரும். ஏப்ரல்லயே 42 தாண்டிருச்சு, கத்திரி மே 4ந்தேதிதான் ஆரம்பமே. சமவெளில 40க்கு மேல போயி, வழக்கமா இருக்கறத விட நாலரை டிகிரி கூடவும் இருந்தா வானிலை மையம் அதை வெப்ப அலைன்னு சொல்லும், அந்த கணக்குலயே நாள் கணக்கா ஓடுச்சு. ஊட்டிலயே 29 டிகிரி போச்சு அந்த மாசம், அப்புறம் நாம எங்க போறது. அந்த வருஷம் அக்டோபர்லதான் நம்ம கவர்மென்ட் வெப்ப அலையை மாநில பேரிடர்னு அறிவிச்சு, வெயில்ல இறந்தவங்க குடும்பத்துக்கு 4 லட்சம்னு ஆர்டர் போட்டாங்க.

வெயில் அடிக்கற நேரத்தை விட ராத்திரிதான் கொடுமை, மாடி வீட்டுல இருக்கறவங்களுக்கு இது புரியும். காங்கிரீட் காலைல இருந்து சூட்டை குடிச்சுக்கிட்டே இருக்கும், ராத்திரி பத்து மணிக்கு மேலதான் அதை கீழ நம்ம தலைல எறக்கும். ஃபேன் போட்டா சுடுகாத்து, ஏசி போட்டா லோ வோல்டேஜ்ல கம்ப்ரசர் ஓடாது, பன்னெண்டு மணிக்கு சுவத்துல கை வெச்சா காய்ச்சக்காரன் நெத்தி மாதிரி இருக்கும். பசங்க ரெண்டும் கீழ ஹால்ல ஈரத்துண்டு போட்டு படுத்துக்குவாங்க, நானும் வீட்டம்மாவும் ஒரு வாரம் பார்த்துட்டு நாங்களும் கீழயே வந்துட்டோம். ரெண்டு பெட்ரூமை பூட்டி வெச்சுட்டு எல்லாரும் ஹால்ல படுக்கறதுக்கு எதுக்கு மாடின்னு அம்மா ஒரு கேள்வி கேட்டுச்சு, அன்னைக்குத்தான் முடிவு பண்ணேன்.

பெருந்துறை ரோட்டுல ஒரு போர்டு பார்த்துட்டு போன் பண்ணேன். வந்த அண்ணன் நல்லா பேசினாரு, ரொம்பவே நல்லா பேசினாரு. எட்டு டிகிரி குறையும் சார், வாட்டர்ப்ரூஃபும் இதுலயே வந்துரும் சார், பத்து வருஷம் வாரண்டி கார்டு கையில தந்துருவோம் சார், சதுர அடிக்கு 24 ரூவா மெட்டீரியல் கூலி எல்லாம் சேர்த்து. மொத்தம் 20,400. வெயிலுக்கு ஒண்ணு மழைக்கு ஒண்ணுன்னு தனித்தனியா செலவு பண்ண வேண்டாம், ஒரே டப்பால ரெண்டும்னு சொன்னதுலதான் நான் விழுந்தேன். இந்த வரியை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வரும்.

வேலை ரெண்டு நாள். மொத நாள் கம்பி பிரஷ் போட்டு பாசியெல்லாம் சுரண்டி, தண்ணி அடிச்சு கழுவி, வெடிப்புல ஃபில்லர் வெச்சு பிரைமர் அடிச்சாங்க, அது வரைக்கும் குறையே சொல்ல முடியாது, ரெண்டு பசங்க வந்தாங்க, ரெண்டு பேரும் வேர்த்து ஊத்த ஊத்த வேலை பார்த்தாங்க, அம்மா மோர் கரைச்சு கொடுத்துக்கிட்டே இருந்துச்சு. ரெண்டாவது நாள்தான் எனக்கு சந்தேகம் வந்துச்சு. ஒரே ஒரு 20 லிட்டர் பக்கெட்தான் மேல ஏத்தினாங்க. டப்பா மேலயே போட்டிருக்கு, ரெண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 25ல இருந்து 30 சதுர அடின்னு, அப்ப 850க்கு குறைஞ்சது 28 லிட்டராவது வேணும்ல. மேல போயி பார்த்தா மக்கு மக்கா தண்ணிய ஊத்தி கலக்கறாங்க. என்னப்பா இதுன்னா, வெயில்ல கெட்டியாயிருதுங்க சார்ங்கறான். அதுவும் மத்தியானம் பன்னெண்டரைக்கு, கால் வைக்க முடியாத தளத்து மேல ரோலர் போடறாங்க. சுடற தளத்துல அடிச்சா மேல மட்டும் காஞ்சு ஏடு மாதிரி நிக்கும், அடியில புடிக்காது, கொப்புளம் கொப்புளமா வரும், காலைல ஒம்போதுக்குள்ள இல்லன்னா சாயங்காலம் நாலரைக்கு மேலதான் அடிக்கணும். இதெல்லாம் எனக்கு அப்ப தெரியாது, கொப்புளம் வந்ததுக்கு அப்புறம்தான் தெரியும்.

பாக்கி 5,000 தர மாட்டேன்னு நின்னேன், அப்புறம் மூஞ்சியை தூக்கி வெச்சுக்கிட்டே இன்னொரு 10 லிட்டர் கொண்டு வந்து சாயங்காலமா மூணாவது கோட் ஒண்ணு அடிச்சுட்டு போனாங்க. முழு காசையும் முன்னாடியே கொடுத்துட்டா நீங்க கேக்கறதுக்கு அவரு போனே எடுக்க மாட்டாரு. இது பெயின்ட்டுக்கு மட்டும் இல்ல, நம்ம ஊருல எந்த வேலைக்கும்தான்.

சரி, வெயிலுக்கு வேலை செஞ்சுதான்னா, செஞ்சுது. அதை மறைக்க மாட்டேன். சாயப்பட்டறைல வேலை பாக்கற ஃபிரண்டு ஒருத்தன் கிட்ட லேசர் தெர்மாமீட்டர் வாங்கி வந்து அளந்தேன் (கொரோனா டைம்ல வாங்கின நெத்தி கன் எங்க வீட்டுலயே இருக்கு, அதை தளத்துல காட்டினா ஹைன்னு மட்டும் எழுதிட்டு செத்துப்போச்சு). மத்தியானம் ரெண்டு மணிக்கு பெயின்ட் அடிக்காத பக்கத்து வீட்டு மாடி 59 டிகிரி. எங்க மாடி 42. செருப்பில்லாம நடக்கலாம், நடந்தேன், பசங்களும் ஓடினாங்க. ரூம் உள்ள சீலிங் முன்னாடி ராத்திரி பத்துக்கு 40 காட்டினது 36ஆச்சு. ரூம் காத்துல வித்தியாசம் மூணு டிகிரி சொச்சம். எட்டு டிகிரிங்கறது பச்சைப்பொய், ஆனா மூணு டிகிரின்னு சாதாரணமா நினைக்காதீங்க, தூங்க முடியறதுக்கும் முடியாததுக்கும் நடுவுல இருக்கறதே அந்த மூணு டிகிரிதான். ஏசி ஒரு மணி நேரம் ஓடினா நின்னு நின்னு ஓடுது, முன்னாடி வோல்டேஜ் இருக்கற ராத்திரில விடிய விடிய நிக்காம ஓடும். ரெண்டு மாச கரண்ட் பில்லுல ஆயிரத்தி சொச்சம் குறைஞ்சுது.

சூட்சுமம் ஒண்ணும் இல்ல, வெள்ளைச் சட்டை கருப்புச் சட்டை வித்தியாசம்தான். ஆனா எல்லா வெள்ளையும் ஒண்ணு இல்ல. டப்பா மேல எஸ்ஆர்ஐன்னு ஒரு நம்பர் இருக்கும், வெயிலை எவ்வளவு திருப்பி அனுப்புது, வாங்கின சூட்டை எவ்வளவு சீக்கிரம் வெளிய விடுதுன்னு ரெண்டையும் சேர்த்த கணக்கு, கருப்புக்கு 0, நல்ல வெள்ளைக்கு 100, அந்த அளவுகோல்ல நூறை ஒட்டி இருக்கறதா பார்த்து வாங்குங்க, நம்பரே போடலைன்னா அது சாதா எமல்ஷன்தான். தெலங்கானால 2023லயே இதுக்குன்னு தனி பாலிசி போட்டு வெச்சிருக்காங்க. அகமதாபாத்ல 2010 மே மாச வெயில்ல ஆயிரத்துக்கும் மேல ஜனங்க செத்ததுக்கு அப்புறம் 2013ல வெயிலுக்குன்னே ஒரு திட்டம் போட்டாங்க, அங்க குடிசைப்பகுதி வீடுகளுக்கு வெறும் சுண்ணாம்பு அடிச்சே ஆரம்பிச்சாங்க. சுண்ணாம்புன்னதும் ஞாபகம் வருது, பவானில எங்க மாமா இருவதாயிரம் எதுக்கு மாப்ளன்னு சிரிச்சுட்டு ரெண்டாயிரம் ரூவால கிளிஞ்சல் சுண்ணாம்புல வஜ்ஜிரப் பசை கலந்து அவரே அடிச்சுட்டாரு, சத்தியமா சொல்றேன் மே மொத வாரம் வரைக்கும் அவரு மாடியும் என் மாடியும் ஒரே குளிர்ச்சி. மொத இடி மழைல முக்கால்வாசி கரைஞ்சு சுவரெல்லாம் பால் வழிஞ்ச மாதிரி கோடு கோடா எறங்கிருச்சு, அது வேற. ஆனா அவரு பத்துல ஒரு பங்கு காசுதானே போட்டாரு, வருஷா வருஷம் அடிச்சாலும் பத்து வருஷம் ஓட்டலாம்னு அவரு கணக்கு, அதுவும் தப்பில்ல.

இனி மழைக்கு வரேன்.

கொங்கு நாட்டு கோடை மழைய பத்தி வெளியூர்க்காரங்களுக்கு சொல்லணும், ஐப்பசி மழை மாதிரி நாள் முழுக்க சிணுங்கிட்டு இருக்காது. காலைல இருந்து தரை காய்ஞ்சு அந்த சூட்டுக்காத்து மேல ஏறும், கடல் பக்கத்துல இருந்து வர ஈரக்காத்தும் அதுல சேர்ந்துக்கும், மத்தியானம் மூணு மணிக்கு மேற்கால மலைப்பக்கம் மேகம் கோபுரம் கோபுரமா நிக்கும், சாயங்காலத்துக்குள்ள ஊருக்கு மேல வந்து ஒரு மணி நேரத்துல மொத்தத்தையும் கொட்டிட்டு போயிரும். எவ்வளவுக்கு எவ்வளவு காயுதோ அவ்வளவுக்கு அவ்வளவு இடி. 2024ல அதான் ஆச்சு, மே மொத வாரம் வரைக்கும் எரிஞ்சுது, அப்புறம் மாசத்து பாதில இருந்து புடிச்சுக்கிட்டு அடிச்சுது. 17ந்தேதி பழைய குற்றாலத்துல திடீர்னு வெள்ளம் வந்து ஒரு பையன அடிச்சுட்டு போன வீடியோ எல்லார் போன்லயும் வந்துச்சு. 18, 19, 20 மூணு நாளும் நீலகிரிக்கு வராதீங்கன்னு கலெக்டரே சொன்னாங்க, பத்து நாள் முன்னாடிதான் வெயில் தாங்காம ஜனங்க எல்லாம் இ-பாஸ் போட்டுக்கிட்டு அங்க ஓடினாங்க. எங்களுக்கும் இடி மின்னல், மணிக்கு 40, 50 கிலோமீட்டர் காத்துன்னு போன்ல மெசேஜ் வந்துக்கிட்டே இருந்துச்சு. நான் சந்தோஷமாத்தான் இருந்தேன், பத்து வருஷ வாரண்டி இருக்கே.

அந்த வாரத்துல ஒரு நாள், சாயங்காலம் ஆறேகால் இருக்கும். மொதல்ல புழுதிக்காத்து. எதிர் வீட்டுக்காரர் மாடில பைப் நட்டு பச்சை வலை கட்டியிருந்தாரு நிழலுக்கு, அது அப்படியே பைப்போட பேந்து பறந்து போயி ஈபி கம்பில விழுந்துச்சு, படார்னு ஒரு சத்தம், தெருவே இருட்டு. அடுத்து மழை, மழைன்னா பக்கத்து வீடு தெரியல. கால் மணி நேரத்துல ரோட்டுல முழங்கால் தண்ணி, பெரும்பள்ளம் ஓடைப்பக்கம் இருக்கற சொந்தக்காரங்க வண்டியெல்லாம் மேட்டுக்கு தள்ளிட்டு இருக்கோம்னு போன் பண்றாங்க. நாங்க மேட்டுலதான் இருக்கோம்னு பேசிக்கிட்டு இருக்கும்போதே சின்னவ கத்தறா, அப்பா படிக்கட்டுல தண்ணி வருதுன்னு.

டார்ச் எடுத்துட்டு போயி பார்த்தா மாடிப்படி மேல இருக்கற ஹெட்ரூம் கதவுக்கு அடியில இருந்து தண்ணி படி படியா எறங்கி வருது. படிக்கு அடியில என்ன இருக்கு? இன்வெர்ட்டர். பேட்டரி. பதறியடிச்சு மொதல்ல மெயினை ஆஃப் பண்ணிட்டு, அப்புறம் நான் பண்ணது வாழ்க்கைலயே நான் பண்ண பெரிய மடத்தனம். கையில ஒரு இரும்புக் கம்பிய எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்கு போனேன். மூலைல கணுக்கால் வரைக்கும் தண்ணி, அதுல நின்னுக்கிட்டு, தலைக்கு மேல மின்னல் வெட்ட வெட்ட, ரன்-அவுட் பைப், அதான் மழைத்தண்ணி கீழ எறங்கற குழாய், அது வாயில கம்பிய விட்டு குத்திக்கிட்டு இருக்கேன். அம்மா கீழ இருந்து அய்யோ சாமி வாடா கீழன்னு கத்தற சத்தம் கேக்குது, வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவுல ரெண்டு வினாடி கூட இல்ல. மூணு வினாடிக்கு ஒரு கிலோமீட்டர்னு கணக்கு, அப்ப அந்த இடி எங்க விழுந்திருக்கும்னு நீங்களே பார்த்துக்கங்க. 30 வினாடிக்குள்ள சத்தம் கேட்டாலே வெளிய நிக்கக்கூடாதுங்கறாங்க. இந்தியால வருஷத்துக்கு ரெண்டாயிரத்துக்கும் மேல ஆளுங்க மின்னல்லயே சாகறாங்க. தயவு செஞ்சு யாரும் மாடி ஒழுகுதுன்னு இடில மேல போகாதீங்க, ஒழுகினா ஒழுகட்டும். தாமினின்னு ஒரு ஆப் இருக்கு, பூனால இருக்கற வானிலை ஆராய்ச்சிக்காரங்க போட்டது, நம்மள சுத்தி 20, 40 கிலோமீட்டருக்குள்ள எங்க மின்னல் விழுதுன்னு மேப்ல காட்டும், தமிழ்லயும் வரும், இப்ப வீட்டுல எல்லார் போன்லயும் அது இருக்கு. அம்மா போன்லயும்.

மறுநாள் காலைல வெயில் ஒண்ணுமே நடக்காத மாதிரி அடிக்குது. மேல போயி பார்த்தாத்தான் விஷயம் புரியுது. வெடிப்புல ஃபில்லர் வெச்சாங்கல்ல, ரன்-அவுட் பைப் வாயை சுத்தியும் தாராளமா அப்பிட்டாங்க, அது மேல மூணு கோட் பெயின்ட் வேற. பைப் வாய் தளத்தை விட அரை இஞ்சு மேல நிக்குது, தண்ணி எப்படி எறங்கும்? பைப் வாய் மேல குப்பை போகாம இருந்த ஜாலிய கழட்டினவங்க திருப்பி மாட்டவே இல்ல, காத்துல வந்த வேப்பிலை, பழம், குப்பை, ஒரு பாலிதீன் கவர் எல்லாம் மூணு இஞ்சு பைப்புக்குள்ள போயி தக்கை மாதிரி அடைச்சுக்கிச்சு. பெட்ரூம் சீலிங்ல ஒரு மூலைல ஈரம் வட்டமா வேற. எங்க கொப்புளம் வந்துச்சோ அதே இடம்.

ஒரு கணக்கு போட்டு பாருங்க. 850 சதுர அடின்னா சுமாரா 79 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழை பெஞ்சா 79 லிட்டர். அந்த மாதிரி இடி மழைல ஒரு மணி நேரத்துக்கு 50 மில்லிமீட்டர் பெஞ்சா கிட்டத்தட்ட 4,000 லிட்டர், மாடில இருக்கற ஆயிரம் லிட்டர் டேங்க் நாலை ஒரே நேரத்துல கவுத்த மாதிரி. அத்தனையும் ஒரே ஒரு மூணு இஞ்சு ஓட்டைல போகணும். 94ல அப்பா கட்டும்போது அது போதும்னு நினைச்சிருப்பாரு. தண்ணி நாலு இஞ்சு நின்னா சதுர மீட்டருக்கு 100 கிலோ வெயிட்டு தளத்து மேல, அது தனி பயம்.

அண்ணனுக்கு போன் பண்ணேன். மூணு நாள் எடுக்கல, நாலாவது நாள் வீட்டம்மா நம்பர்ல இருந்து பண்ணேன், எடுத்தாரு. சார் அது மழை பிரச்சனை சார், பெயின்ட் பிரச்சனை இல்லன்னாரு. நான் கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசல. வாட்டர்ப்ரூஃப்க்கு மழையே பிரச்சனைன்னா அப்புறம் எதுக்குய்யா வாட்டர்ப்ரூஃப்னு கேட்டா, கார்டு படிச்சு பாருங்க சார்னாரு. படிச்சேன், கடைசி வரில பொடி எழுத்துல தண்ணீர் தேங்கும் இடங்களுக்கு வாரண்டி பொருந்தாதுன்னு போட்டிருக்கு. அதாவது தண்ணி படாத வரைக்கும் தண்ணி உள்ள வராதுன்னு பத்து வருஷம் கேரண்டி. ஆனா ஒண்ணு, ரெண்டு வாரம் கழிச்சு ஒரு பையனை அனுப்பி கொப்புளத்தை சுரண்டி அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி அடிச்சுக் கொடுத்தாரு, காசு வாங்கல. மழைக்கு அரை ஸ்டார் போட்டது அதுக்குத்தான், இல்லன்னா அதுவும் கெடையாது.

சரி பண்ணது யாருன்னா ஒரு வயசான கொத்தனார், மாமா கூட்டிட்டு வந்தாரு. மேல வந்தாரு, பெயின்ட்ட திரும்பிக்கூட பார்க்கல, ஒரு பக்கெட் தண்ணி கொண்டாங்கன்னு சொல்லி இந்தக் கோடில ஊத்திட்டு பீடி பத்த வெச்சுக்கிட்டு நின்னு பார்த்தாரு. தண்ணி பாதி தூரம் போயி நின்னுக்கிச்சு. ஏனுங்க தம்பி, வாட்டமே இல்லாத தளத்துல என்ன அடிச்சாலும் குளத்துக்கு சுண்ணாம்பு அடிச்ச மாதிரிதானுங்க, அப்படின்னாரு. பத்தடிக்கு ஒரு இஞ்சாவது சரிவு வேணுமாம், எங்களுக்கு ஒரு பக்கம் தளமே உக்காந்துருச்சாம். அந்த பள்ளத்த மட்டும் எடுத்து கலவை போட்டு வாட்டம் புடிச்சு, அடைஞ்ச பைப் வாயை செதுக்கி எறக்கி, எதிர் மூலைல நாலு இஞ்சுல இன்னொரு பைப் எறக்கி, கைப்பிடி சுவத்துல ரெண்டு இஞ்சு ஒசரத்துல ஒரு ஓட்டையும் போட்டு விட்டாரு. பைப்பு ரெண்டுமே அடைச்சாலும் தண்ணி அந்த ஓட்டை வழியா வெளிய விழும், வீட்டுக்குள்ள வராது. புது பைப்பை மழைநீர் தொட்டிலயே சேர்த்து விட்டாரு, 2003ல ஜெயலலிதா ஆட்சில எல்லாரும் கட்டாயமா கட்டினது, எங்க வீட்டுல அது இருந்ததே மறந்து போச்சு, மேல செம்பருத்தி வெச்சிருந்தோம். எல்லாம் சேர்த்து 7,500. இந்த 7,500ஐ மொதல்ல செலவு பண்ணிட்டு அப்புறம் அந்த 20,400க்கு போயிருக்கணும். நான் தலைகீழா பண்ணேன்.

2025க்கு வந்துட்டேன். அந்த வருஷம் நமக்கு வெயில் முந்தின வருஷம் மாதிரி இல்ல, கேரளால பருவமழையே மே 24க்கு வந்துருச்சு, கோயமுத்தூர் நீலகிரிக்கு ரெட் அலர்ட் போட்டாங்க, எங்களுக்கு காத்தும் தூறலுமா போச்சு. அதுக்கு முன்னாடி ரெண்டு மூணு நல்ல இடி மழை அடிச்சுது, ஒரு சொட்டு படிக்கட்டுல வரல. நான் மாடிக்கு போகவும் இல்ல, ஹெட்ரூம் கதவை சாத்திட்டு கீழ உக்காந்து புது பைப்புல தண்ணி விழற சத்தத்த கேட்டுக்கிட்டு இருந்தேன். சீலிங் ஈரம் காஞ்சு போச்சு, கறை மட்டும் இருக்கு. பெயின்ட்ட பொறுத்த வரைக்கும், புழுதி படிஞ்சு வெள்ளை மங்கி லேசா காவி ஆயிருச்சு, லேசர்ல அளந்தா மொத வருஷம் 42 காட்டினது 47 காட்டுச்சு. மார்ச் மாசம் ஒரு தடவை சோப்புத்தண்ணி போட்டு தேய்ச்சு கழுவினேன், 44க்கு வந்துச்சு. வருஷத்துக்கு ஒரு தடவை கழுவணும்னு அந்த அண்ணன் சொல்லவே இல்ல.

சின்னச் சின்ன குறையும் சொல்லிடறேன். மத்தியானம் மேல போனா கண்ணு கூசும், கூலிங் கிளாஸ் போட்டுத்தான் துணி காயப்போடணும், அம்மா கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு வடகம் பிழியற போட்டோ குடும்ப குரூப்ல இருக்கு. வடகம் முன்னாடி மாதிரி ஒரு நாள்ல காய மாட்டேங்குது ஒண்ணரை நாள் ஆகுதுன்னு அம்மாவுக்கு ஒரு வருத்தம். மழை பெஞ்சா வழுக்கும், வயசானவங்க இருக்கற வீட்டுல கடைசி கோட்ல கொஞ்சம் மணல் தூவி அடிக்கச் சொல்லுங்க. கருப்பு தண்ணி டேங்க்குக்கும் மிச்சம் இருந்ததுல ரெண்டு கோட் அடிச்சேன், அது நான் எதிர்பார்க்காத லாபம், மத்தியானம் குழாயில வென்னீர் வர்றது நின்னுச்சு.

யாருக்கு சொல்லுவேன்னா, தளத்துக்கு நேர் கீழ படுக்கறவங்க கண்டிப்பா அடிங்க. கீழ் வீட்டுல இருக்கறவங்களுக்கு தண்டச் செலவு. தகரம், சிமெண்ட் அட்டை போட்டவங்களுக்கு என்னை விட பலன் ஜாஸ்தி. எங்க தெருமுனைல தறிக்கூடம் வெச்சிருக்கற அண்ணன் என் மாடிய பார்த்துட்டு 2025 பிப்ரவரில அவரு சிமெண்ட் அட்டைக்கு அடிச்சாரு, மத்தியானம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் தறிய நிறுத்திட்டு வெளிய வேப்பமரத்தடில உக்காந்திருப்பாங்க, இப்ப நிறுத்தறதில்ல. வேலை ஆளுங்களுக்கு அது நல்லதா கெட்டதான்னு எனக்கு தெரியல. அவரு வாட்டர்ப்ரூஃப்னு நினைச்சு அடிக்கல, ஆணி அடிச்ச ஓட்டைக்கெல்லாம் தனியா வாஷர் மாத்திட்டுத்தான் அடிச்சாரு, என் படிக்கட்டு வீடியோவ பார்த்தவரு.

அந்த வீடியோ எடுத்தது பெரியவன். போன வாரம் நம்ம கூலிங் பெயின்ட் அண்ணன் ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் அவரே போன் பண்ணாரு. சார் உங்க மாடிய ஒரு போட்டோவோ வீடியோவோ எடுத்து அனுப்புங்க சார், புது கஸ்டமருக்கு காட்டணும்னாரு. நானும் மரியாதையா அனுப்பி வெச்சேன், இருட்டுல படி படியா தண்ணி எறங்கறதும் அம்மா கத்தறதும் எல்லாம் தெளிவா இருக்கற வீடியோதான். ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் இன்னும் வரல.